நிறைந்த ரேமும் நின்றுபோன கணினியும்

ரேம் எவ்வளவு காலியாக இருக்கிறது என்ற எண்ணைப் பார்த்தே கணினியின் உடல்நிலையைக் கணிக்கும் பழக்கம் எங்கே தவறுகிறது? ஸ்வாப் எப்போது துணை, எப்போது சுமை?

எட்டு ஜி.பி. ரேம் பொருத்திய ஒரு மேசைக் கணினியில், முப்பது டேப்கள் திறந்த பிரவுசரும் பெரிய கணக்குத் தாளும் வீடியோ கூட்டமும் ஒரே வேளையில் ஓடிக்கொண்டிருக்க, மேலும் ஒரு டேப் திறக்கப்படுகிறது. மவுஸ் குறி விட்டுவிட்டு நகர்கிறது. தட்டிய எழுத்துகள் சில நொடிகள் கழித்து மொத்தமாக வந்து விழுகின்றன. கூட்டத்தில் பேசுபவரின் குரல் உடைகிறது. பெட்டியின் முகப்பில் உள்ள வட்டு விளக்கு அணையாமல் எரிகிறது. பிறகு திரை உறைந்துவிடுகிறது. பிராசசர் வேலைப்பளுவில் மூச்சுத் திணறுவதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும் அந்தக் கணத்தில் அது பெரும்பாலும் சும்மாவே இருக்கிறது. வட்டிலிருந்து வரவேண்டிய 4,096 பைட் அளவுள்ள துண்டு ஒன்றுக்காக அது காத்திருக்க, அந்தத் துண்டுக்கு இடம் கொடுப்பதற்காக வெளியேற்றப்பட்ட வேறொரு துண்டு அடுத்த நொடியே தேவைப்பட்டுவிடுகிறது.

இந்த அனுபவத்திற்குப் பின் பெரும்பாலானோர் மூன்று முடிவுகளில் ஒன்றை எடுக்கின்றனர்: ‘ரேம் கிளீனர்’ ஒன்றை நிறுவுகின்றனர், ரேமில் இடம் போதாதபோது வட்டை நாடும் ஸ்வாப் வசதியை அணைக்கின்றனர், அல்லது கூடுதல் ரேம் வாங்கக் கடைக்குச் செல்கின்றனர். முதலிரண்டும் நிலைமையைப் பெரும்பாலும் மோசமாக்குபவை. மூன்றாவது முடிவோ இப்போது பணப்பையைக் கடிக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்களைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வீட்டுக் கணினிக்கான ரேமின் விலை கடுமையாக ஏறியது. நுகர்வோருக்கு க்ருசியல் என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம் அந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. இருக்கும் நினைவகத்தை இயங்குதளம் எப்படிப் பங்கிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளும் தேவை, இதனால் ஆர்வலர்களின் வட்டத்தைத் தாண்டி எல்லோருக்கும் வந்துவிட்டது.

மான்செஸ்டரில் தொடங்கிய ஏற்பாடு

வேகமான நினைவகம் சிறியதாகவும் விலை மிகுந்ததாகவும் இருக்க, மெதுவான சேமிப்பகம் பெரியதாகவும் மலிவாகவும் இருப்பது கணினித் துறையின் பிறவிச் சிக்கல். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் ஃபெராண்டி நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கப்பட்டு 1962 டிசம்பரில் இயக்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினி, இதற்கு ஒரு தீர்வைக் காட்டியது. அதில் 16,384 சொற்கள் கொள்ளும் காந்த வளைய நினைவகமும், அதைப் போல ஆறு மடங்கு கொள்ளும் சுழல் உருளையும் இருந்தன. நிரல் எழுதுபவருக்கோ இரண்டும் சேர்ந்த ஒரே நினைவகமாகத் தோற்றமளித்தன. நினைவகம் 512 சொற்கள் கொண்ட ‘பக்கங்களாக’ வகுக்கப்பட்டு, வேண்டிய பக்கம் உள்ளே இல்லாதபோது இயந்திரமே அதை உருளையிலிருந்து எடுத்து வந்தது.

இன்றைய கணினிகள் பின்பற்றும் மெய்நிகர் நினைவகம், அதாவது ஒவ்வொரு நிரலுக்கும் தனக்கே சொந்தமான தொடர்ச்சியான முகவரிவெளி இருப்பதாகக் காட்டிவிட்டு, அந்த முகவரிகளின் பின்னே உண்மையான ரேம் பக்கங்களைத் தேவைக்கேற்ப மாற்றி மாற்றி வைக்கும் முறை, அடிப்படையில் அதே ஏற்பாடுதான். இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் ஒரு பக்கம் 4,096 பைட். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்களில் 16,384 பைட். எட்டு ஜி.பி. ரேம் என்பது, அந்த முதல் கணக்கின்படி, ஏறத்தாழ 21 இலட்சம் பக்கங்கள்.

காலியாக வைத்திருப்பதால் யாருக்கு இலாபம்?

கணினியைத் தொடங்கிச் சில மணி நேரம் வேலை செய்த பின் லினக்ஸில் ‘ஃப்ரீ’ என்ற கட்டளையை இட்டுப் பார்ப்பவர், 8 ஜி.பி.யில் சில நூறு எம்.பி. மட்டுமே காலியாக இருப்பதைக் கண்டு திகைப்பது வழக்கம். மீதி எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அதே வரிசையில் உள்ள ‘கேஷ்’ என்ற எண் பதில் சொல்கிறது. வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை வேலை முடிந்ததும் இயங்குதளம் தூக்கியெறிவதில்லை. மீண்டும் கேட்கப்பட்டால் வட்டுக்குப் போகாமலே கொடுக்கும்பொருட்டு, வேறு யாரும் கேட்காத ரேமில் அதன் நகலை வைத்திருக்கிறது. புதிய நிரல் ஒன்று இடம் கேட்டால் அந்த நகல்களை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் விட்டுக்கொடுத்துவிடலாம், ஏனெனில் மூலம் வட்டில் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே முற்றிலும் காலியாகக் கிடக்கும் ரேம், விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்தாமல் விட்ட ரேம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2014இல் வெளிவந்த, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 3.14 பதிப்பு, ‘மெம்அவெய்லபிள்’ என்ற தனி எண்ணைக் காட்டத் தொடங்கியது. புதிய நிரல்களுக்கு ஸ்வாப்பைத் தொடாமல் எவ்வளவு இடம் கொடுக்க முடியும் என்பதன் மதிப்பீடு அது. விண்டோஸில் இதே கேஷ் பக்கங்கள் ‘ஸ்டாண்ட்பை’ என்ற பெயரில் கணக்கிடப்படுகின்றன. ரேம் கிளீனர்கள் செய்வது இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது: நிரல்களின் பக்கங்களையும் கேஷையும் வலிந்து வெளியேற்றி, ‘3 ஜி.பி. மீட்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் அறிவிக்கின்றன. வெளியேற்றப்பட்டவை அடுத்த சில நிமிடங்களில் வட்டிலிருந்து மெதுவாகத் திரும்பி வருகின்றன. எண் அழகாகிறது, கணினி மெதுவாகிறது. இத்தகைய நிரல்கள் இன்றும் விற்பனையாவதற்கு, நினைவக நிலையை ஒற்றைச் சதவீதமாகச் சுருக்கிக் காட்டும் இயங்குதளக் கருவிகளுக்கும் பங்குண்டு.

நிரல்வாரியாகக் காட்டப்படும் பட்டியலும் இதே போன்ற எச்சரிக்கையுடன் படிக்கத் தக்கது. பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நூலகப் பக்கங்கள் ரேமில் ஒரே ஒரு முறை இருந்தாலும் லினக்ஸின் வழக்கமான பட்டியலில் ஒவ்வொரு நிரலின் கணக்கிலும் ஏறுவதால், அந்தப் பட்டியலின் எண்களை மேலிருந்து கீழாகக் கூட்டினால் கணினியில் உள்ள ரேமை விட அதிகமான தொகைகூட வரலாம்.

┌ பெட்டிச் செய்தி ┐
வேகங்களுக்கு இடையிலான பள்ளம்
● ரேமிலிருந்து ஒரு தரவைப் பெற ஆகும் நேரம்: ஏறத்தாழ 100 நானோ விநாடி.
● என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி.யிலிருந்து ஒரு பக்கத்தைப் படிக்க: ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடி, அதாவது ஆயிரம் மடங்கு.
● சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து படிக்க: ஏறத்தாழ 10 மில்லி விநாடி, அதாவது ஒரு இலட்சம் மடங்கு.
└────────────┘

பரணில் ஏறும் பக்கங்கள்

ரேமில் உள்ள பக்கங்களை, வெளியேற்றும் முறையை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். வட்டில் மூலக் கோப்பு உள்ளவை ஒரு வகை: நிரல்களின் இயங்குகட்டளைகள், நூலகங்கள், படிக்கப்பட்ட ஆவணங்கள் ஆகியவை இதில் அடங்கும். நிரல் ஓடும்போது தானே உருவாக்கிக்கொண்ட தரவுகள் மற்றொரு வகை: பிரவுசரில் திறந்த பக்கத்தின் உள்வடிவம், இன்னும் சேமிக்காத கணக்குத் தாள், விளையாட்டின் அப்போதைய நிலை போன்றவை. இவற்றுக்கு வட்டில் மூலம் எதுவும் இல்லாததால், எழுதி வைக்க ஓர் இடம் இல்லாமல் ரேமிலிருந்து அகற்ற முடியாது. அந்த இடமே ஸ்வாப். லினக்ஸில் தனிப் பகுதியாகவோ கோப்பாகவோ, விண்டோஸில் ‘பேஜ்ஃபைல்’ என்ற மறைகோப்பாகவோ அது இருக்கிறது.

கணினியைத் தொடங்கியபோது ஒருமுறை பயன்பட்டு, அதன் பின் நாள் முழுதும் யாரும் தொடாத தரவுகள் எல்லா நிரல்களிலும் உண்டு. ஆண்டுக்கொரு முறை தேவைப்படும் பெரிய பாத்திரத்தைச் சமையலறை மேடையில் வைக்காமல் பரணில் ஏற்றிவைப்பதைப் போல, அவற்றை ஸ்வாப்புக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தை இப்போது வேலையில் உள்ளவற்றுக்குக் கொடுப்பது கெர்னலின் கணக்கு. எனவே ஸ்வாப்பில் ஒரு ஜி.பி. நிரம்பியிருப்பது தன்னளவில் நோயின் அறிகுறி ஆகாது. அங்கே போன பக்கங்கள் அங்கேயே அமைதியாகக் கிடந்தால், அவை போனதே நல்லது. கவனிக்க வேண்டியது போக்குவரத்து: ஒவ்வொரு நொடியும் எத்தனை பக்கங்கள் வெளியே போகின்றன, எத்தனை திரும்பி வருகின்றன என்பது.

ஸ்வாப்பை முற்றாக அணைத்துவிட்டால் வட்டு ஓட்டம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பிழையாவதும் இந்த இருவகைப் பிரிவால்தான். ஸ்வாப் இல்லாத லினக்ஸ் கணினியில் இரண்டாம் வகைப் பக்கங்கள் அனைத்தும், பயன்பட்டாலும் பயன்படாவிட்டாலும், ரேமில் ஆணியடித்தாற்போல் நிலைத்துவிடுகின்றன; நெருக்கடி வரும்போது வெளியேற்ற முதல் வகைப் பக்கங்கள் மட்டுமே மிஞ்சுவதால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் இயங்குகட்டளைகளே தூக்கியெறியப்பட்டு, அடுத்த கணமே வட்டிலிருந்து மறுபடி படிக்கப்படுகின்றன. ஸ்வாப் அளவு பூஜ்யம் என்று கருவி காட்டிக்கொண்டிருக்க, வட்டு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும் புதிருக்கு விடை இதுவே. விண்டோஸில் விளைவு வேறு விதமானது: நிரல்களுக்கு வாக்களிக்கக்கூடிய மொத்த நினைவகத்தின் வரம்பு ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த தொகை என்பதால், பேஜ்ஃபைலை நீக்கியவரின் கணினி, ரேமில் இன்னும் இடம் இருக்கும்போதே ‘நினைவகம் போதவில்லை’ என்று நிரல்களை மறுத்துவிடக்கூடும்.

லினக்ஸில் ‘ஸ்வாப்பினெஸ்’ என்ற அமைப்பைச் சுற்றியும் ஒரு பழைய தவறான விளக்கம் உலவுகிறது. அதன் இயல்பான மதிப்பு 60 என்பதை, ரேமில் இத்தனை சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று பலர் படிக்கின்றனர். மேற்சொன்ன இருவகைப் பக்கங்களில் எதை வெளியேற்றுவது ஒப்பளவில் மலிவு என்று கெர்னலுக்குச் சொல்லும் எடை அது. நிரம்பும் அளவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 2020இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து அதன் உச்சம் 100லிருந்து 200ஆக உயர்த்தப்பட்டதற்கு, வட்டைவிட வேகமான ஸ்வாப் இடங்கள் புழக்கத்துக்கு வந்ததே காரணம்.

ஆயிரத்தில் ஒன்று தவறினால்

ஸ்வாப் துணையாக இருக்கும் நிலையிலிருந்து சுமையாக மாறும் புள்ளியை முதலில் கோட்பாடாக்கியவர் அமெரிக்கக் கணினியியலாளர் பீட்டர் டென்னிங். 1968இல் அவர் முன்வைத்த ‘வொர்க்கிங் செட்’ என்ற கருத்தின்படி, எந்த நிரலுக்கும் ஒரு குறுகிய கால அளவில் திரும்பத் திரும்பத் தொட வேண்டிய பக்கங்களின் தொகுதி ஒன்று உண்டு; ஓடும் நிரல்கள் அனைத்தின் தொகுதிகளும் சேர்ந்து ரேமுக்குள் அடங்கும்வரை மற்றவை எங்கே கிடந்தாலும் கணினி சீராக ஓடும். அடங்காமல் போகும் கணத்தில், ஒரு நிரலின் பக்கத்தைக் கொண்டுவர இன்னொன்றின் பக்கத்தை வெளியேற்றி, அதை மீட்க முதலாவதை வெளியேற்றி, வேலை எதுவும் நகராத ‘த்ராஷிங்’ என்ற நிலை உருவாகிறது.

இந்தச் சரிவு படிப்படியாக வராமல் திடீரென வருவதற்குக் காரணம் எளிய பெருக்கலில் இருக்கிறது. நினைவகத்தைத் தொடும் ஆயிரம் தடவைகளில் ஒரே ஒரு தடவை பக்கம் ரேமில் இல்லை என்று கொண்டால், ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் சராசரி நேரம் 100 நானோ விநாடியிலிருந்து சுமார் 10,100 நானோ விநாடியாகி, கணினி நூறு மடங்கு மெதுவாகிறது. அதே தவறு விகிதத்தில் நல்ல எஸ்.எஸ்.டி. உள்ள கணினியின் சராசரி நேரம் இரட்டிப்பாவதோடு நிற்கிறது. பழைய கணினியில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டவர்கள், ரேமைக் கூட்டாமலே கணினி புத்துயிர் பெற்றதாகச் சொல்வது வெறும் மனப்பிரமை ஆகாது.

பலியைத் தேர்ந்தெடுப்பது யார்?

ரேமும் தீர்ந்து ஸ்வாப்பும் தீர்ந்தால் யாராவது வெளியேறத்தான் வேண்டும். லினக்ஸ் பொதுவாக நிரல்கள் கேட்கும் நினைவகத்தை ஆராயாமல் கொடுத்ததாகச் சொல்லிவிட்டு, அவை உண்மையில் தொடும்போதுதான் பக்கங்களை ஒதுக்குகிறது. கேட்கும் அளவுக்கு எந்த நிரலும் பயன்படுத்துவதில்லை என்ற அனுபவத்தின் மேல் கட்டிய தாராளம் இது. வாக்குறுதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வசூலுக்கு வரும் நாளில், ‘ஓஓஎம் கில்லர்’ என்ற கெர்னல் பகுதி ஒவ்வொரு நிரலுக்கும் மதிப்பெண் போட்டு, பெரும்பாலும் மிகுதியாக நினைவகம் பிடித்திருப்பதைத் தேர்ந்தெடுத்து, முன்னறிவிப்பின்றி நிறுத்துகிறது.

மேசைக் கணினிப் பயனர்களின் நெடுங்கால மனக்குறை, அது கொல்வதைப் பற்றியது என்பதைவிடத் தாமதமாகக் கொல்வதைப் பற்றியது. வெளியேற்றிப் படித்து, படித்து வெளியேற்றும் சுழற்சியில் ஒவ்வொரு முறையும் சில பக்கங்கள் கிடைத்துக்கொண்டே இருப்பதால் கெர்னலின் கண்ணுக்கு வேலை நகர்கிறது. உறைந்த திரையின் முன் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பவர் அதன் கணக்கில் வருவதில்லை. பல பயனர்கள் பொறுமையிழந்து மின்விசையை அழுத்தி, சேமிக்காத வேலையை இழப்பது இந்த இடைவெளியில்தான்.

இதற்கு வழி திறந்தது, ஃபேஸ்புக் பொறியாளர்கள் உருவாக்கி 2018 டிசம்பரில் கெர்னல் 4.20இல் சேர்ந்த ‘பிஎஸ்ஐ’ என்ற நெருக்கடி அளவீடு. எத்தனை பக்கங்கள் காலி என்று கேட்பதற்குப் பதிலாக, கடந்த பத்து நொடியில் எத்தனை சதவீத நேரம் நிரல்கள் நினைவகத்துக்காகக் காத்துக் கிடந்தன என்று அது கேட்கிறது. அந்த அளவீட்டை அடிப்படையாகக் கொண்ட ‘சிஸ்டம்டி-ஓஓஎம்டி’, 2021இல் ஃபெடோரா 34இலும் 2022இல் உபுண்டு 22.04இலும் இயல்பாகவே இடம்பெற்றது. உபுண்டுவில் அது அறிமுகமான புதிதில் கணினி திணறாதபோதே பிரவுசரை மொத்தமாக மூடிவிடுவதாகப் புகார்கள் எழுந்து அமைப்புகள் திருத்தப்பட்டன. சீக்கிரம் கொல்வதற்கும் தாமதமாகக் கொல்வதற்கும் இடையே எல்லோருக்கும் பொருந்தும் ஒரு புள்ளி இல்லை என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது.

பிரவுசரின் பசிக்கு ஒரு நியாயம்

நினைவகத்தைப் பற்றிய வசைகளில் பெரும்பங்கு பிரவுசருக்கே கிடைக்கிறது. 2018இல் ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டபின், ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் தரவைத் திருடாதிருக்க, ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி இயக்கமாக (பிராசஸ்) பிரிக்கும் முறையைக் குரோம் 67 பரவலாக்கியது. அதனால் மொத்த நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் வரை கூடுவதாகக் கூகுளே ஒப்புக்கொண்டது. வங்கித் தளமும் சந்தேகத்துக்குரிய விளம்பரமும் அடுத்தடுத்த டேப்களில் திறந்திருக்கும் உலகில் இது கொடுக்கத் தகுந்த விலை. நெடுநேரம் தொடாத டேப்களின் நினைவகத்தை விடுவிக்கும் ‘மெமரி சேவர்’ வசதி 2022 இறுதியில் குரோமுக்கு வந்தது. ஸ்வாப்புக்கு அனுப்பியிருந்தால் இருந்த நிலையிலேயே மீளும் பக்கம், இந்த முறையில் இணையத்திலிருந்து மறுபடி இறக்கப்படுகிறது என்பதே வேறுபாடு.

┌ பெட்டிச் செய்தி ┐
எங்கே, எதைப் பார்ப்பது?
லினக்ஸ்: ‘ஃப்ரீ’ கட்டளையில் ‘அவெய்லபிள்’ எண், ‘விஎம்ஸ்டாட்’ கட்டளையில் ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதைக் காட்டும் ‘எஸ்ஐ’, வெளியே போவதைக் காட்டும் ‘எஸ்ஓ’. இவை பூஜ்யத்தில் இருந்தால் ஸ்வாப் எவ்வளவு நிரம்பியிருந்தாலும் கவலையில்லை.
விண்டோஸ்: டாஸ்க் மேனேஜரில் ‘கமிட்டட்’ என்ற இரட்டை எண், முதலாவது இரண்டாவதை நெருங்கினால் ஆபத்து. ரிசோர்ஸ் மானிட்டரில் நொடிக்கு எத்தனை ‘ஹார்டு ஃபால்ட்’ என்பது.
மேக்: ஆக்டிவிட்டி மானிட்டரில் ‘மெமரி பிரஷர்’ வரைபடம், பச்சை சீர், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு நெருக்கடி.
└────────────┘

வட்டுக்குப் போகாத ஸ்வாப்

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த பயனுள்ள மாற்றம், வெளியேற்ற வேண்டிய பக்கத்தை வட்டுக்கு அனுப்பும் முன் சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்வது. ஆப்பிள் 2013இல் ஓஎஸ் எக்ஸ் மேவரிக்ஸ் பதிப்பில் இதைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் 2015இல் விண்டோஸ் 10இல் சேர்த்தபோது, சுருக்கிய பக்கங்கள் ‘சிஸ்டம்’ என்ற இயக்கத்தின் கணக்கில் விழுந்ததால், இயங்குதளமே ரேமைத் தின்கிறது என்று பயனர்கள் அஞ்ச, பின்னர் வந்த பதிப்பில் அது தனிப் பெயரில் பிரிக்கப்பட்டது. லினக்ஸில் இதற்கான ‘இசட்ரேம்’ 2014இல் கெர்னலில் முழுமையாகச் சேர்ந்து, 2020இல் ஃபெடோரா 33இன் இயல்பான ஸ்வாப் ஆனது.

பொதுவாக இரண்டு அல்லது மூன்று பக்கங்கள் ஒன்றின் இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. விரித்தெடுக்கச் சில மைக்ரோ விநாடிகளே ஆகின்றன. ஆனால் ஏற்கெனவே சுருக்கப்பட்ட தரவும் மறையாக்கப்பட்ட தரவும் மேலும் சுருங்குவதில்லை. வொர்க்கிங் செட் ரேமை மிகவும் மிஞ்சிவிட்டால் சுருக்குவதும் விரிப்பதுமே பிராசசரின் முழுநேரத் தொழிலாகிவிடும். வட்டு விளக்குக்குப் பதிலாக விசிறியின் இரைச்சல் கேட்கும்.

தேய்மானமும் தனியுரிமையும்

ஸ்வாப் எழுதுவதால் எஸ்.எஸ்.டி. தேய்ந்துபோகும் என்ற அச்சம், 2021 தொடக்கத்தில் 8 ஜி.பி. எம்1 மேக் வாங்கிய சிலர் தங்கள் வட்டின் அளவீடுகளை வெளியிட்டபோது பெரிதாக எழுந்தது. 600 டி.பி. எழுத்துக்கு உத்தரவாதம் உள்ள 1 டி.பி. எஸ்.எஸ்.டி.யில், நாள்தோறும் 20 ஜி.பி. ஸ்வாப்புக்கு எழுதினாலும் அந்த வரம்பை எட்ட எண்பது ஆண்டுகளுக்கு மேலாகும். நாளுக்கு 100 ஜி.பி. என்றால் சுமார் 16 ஆண்டு. அந்த அளவுக்கு எழுதும் கணினியில் வட்டு தேய்வதற்கு நெடுங்காலம் முன்பே பயனரின் பொறுமை தேய்ந்துவிடும்.

தேய்மானத்தைவிடக் குறைவாகப் பேசப்படுவது தனியுரிமைப் பிரச்சினை. ரேமில் இருக்கும்போது மின்சாரம் நின்றதும் மறையும் கடவுச்சொல்லோ தனிப்பட்ட கடிதமோ, ஸ்வாப்பில் ஏறினால் கணினி அணைந்த பின்னும் வட்டில் எஞ்சும். ஓப்பன்பிஎஸ்டியும் மேக்கும் ஸ்வாப்பை இயல்பாகவே மறையாக்கி எழுதுகின்றன. லினக்ஸிலும் விண்டோஸிலும் வட்டு முழுவதையும் மறையாக்குவதே எளிய வழி. பழைய கணினியை விற்பவர்கள் தங்கள் ஆவணங்களை அழித்துவிட்டு ஸ்வாப்பை அப்படியே விட்டுவிடுவது சாதாரணமாக நிகழ்கிறது.

எவ்வளவு வேண்டும்?

‘ரேமைப் போல் இரு மடங்கு ஸ்வாப்’ என்ற பழைய விதி, சில எம்.பி. ரேம் கொண்ட காலத்தின் மிச்சம். 32 ஜி.பி. கணினியில் 64 ஜி.பி. ஸ்வாப் ஒதுக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. கணினியை ‘ஹைபர்னேட்’ செய்யும் பழக்கம் உள்ளவருக்கு லினக்ஸில் ரேமில் உள்ளவற்றை எழுத இடம் வேண்டும் என்பதால் ரேமின் அளவுக்கு ஸ்வாப் வைப்பது பாதுகாப்பானது. மற்றவருக்கு இசட்ரேமுடன், நெருக்கடியைச் சமாளிக்கச் சில ஜி.பி. அளவில் ஒரு ஸ்வாப் கோப்பு போதும். பேஜ்ஃபைலின் அளவை விண்டோஸின் பொறுப்பிலேயே விடுவது நல்லது. கணினி செயலிழக்கும்போது காரணத்தைப் பதிவுசெய்யும் கோப்புக்கும் அது தேவைப்படுகிறது.

ரேம் வாங்குவது பற்றிய முடிவை, வேலை உச்சத்தில் இருக்கும் சில நாட்களில் ‘எங்கே, எதைப் பார்ப்பது?’ என்ற பெட்டிச் செய்தியில் உள்ள அளவீடுகளைப் பார்த்த பின் எடுப்பதே சிக்கனம். ஸ்வாப் போக்குவரத்து தொடர்ந்து இருந்தால் வொர்க்கிங் செட் ரேமை மிஞ்சிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் வேலையைக் குறைப்பதும் ரேமைக் கூட்டுவதும் தவிர வேறு மருந்தில்லை. போக்குவரத்து இல்லாவிட்டால், மெதுவாக இருப்பதற்கான காரணத்தை ஹார்டு டிஸ்க்கிலோ பிராசசரிலோ தேட வேண்டும். ரேம் துண்டைச் செருகும் பள்ளம் உள்ள மேசைக் கணினியில் இந்த முடிவை வாங்கிய பின்னும் மாற்றிக்கொள்ளலாம். நினைவகம் சிப்புடன் சேர்ந்தே வரும் எம் வரிசை மேக் மினி, ஐமேக் போன்றவற்றில் வாங்கும் நாளில் தேர்ந்த அளவே கடைசிவரை. ஆப்பிள் 2024 அக்டோபரில் தன் புதிய எம் வரிசைக் கணினிகளின் தொடக்க அளவை 8 ஜி.பி.யிலிருந்து 16ஆக உயர்த்திவிட்டதால், பழைய இருப்பையோ கைமாறிய கணினியையோ விலை குறைவு என்று எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஓர் எண்ணைத்தான்.